கோப்பித் துருவும் எங்கள் வாழைத்தோட்டமும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவைக் காணாது பேராதனையிற் பட்டம் பெற்றவர் எவரும் இரார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் செல்வதற்கும், பரீட்சை முடிந்த களைப்பில் மூங்கிற் புதர்களின் கீழ் அமர்ந்திருப்பதற்கும், இங்கே எழுதத் தேவையில்லாத வேறு சில காரணங்களுக்கும் நாங்கள் அங்கு செல்வதுண்டு. மகாவலி வளைந்து சூழ்ந்தோடும் அந்நிலத்தை இருப்பிடமாகக் கொண்டு 1880ஆம் ஆண்டளவில் ஓர் இளைஞர் கோப்பி இலைகளை ஆராய்ந்தார் என்பதை மூன்றாம் ஆண்டில் விரிவுரை மண்டபத்திலேதான் அறிந்தேன். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று பல காலம் எண்ணியிருக்கிறேன். எழுத அமரும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாழைத்தோட்டம் குறுக்கே வந்து நிற்கும். இம்முறை இரண்டையும் சேர்த்தே எழுதிவிடத் துணிந்தேன்.

அவ்விளைஞரின் பெயர் ஹரி மார்ஷல் வார்ட். இலங்கைக்கு வந்தபோது அவருக்கு 26 வயதும் நிரம்பவில்லை. அவர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1869இல், கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான பொடி படர்ந்திருப்பதைக் கண்டு, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். அவற்றைப் பரிசோதித்த பேர்க்ளி என்னும் பாதிரியார், இது அறிவியல் இதுவரை அறியாத ஒரு பங்கசு எனக் கண்டு 'ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். முதற்சொல், வித்தியின் ஒரு பாதி மழமழப்பாகவும் மறுபாதி கரடுமுரடாகவும் இருப்பதைக் குறிப்பது. இரண்டாவது சொல்லுக்கு 'அழிப்பவள்' என்பது பொருள். பெயரிடும்போதே அதன் பிற்காலத்தைக் கணித்துவிட்டார் போலும்.

அக்காலத்துத் தோட்டத்துரைமார் பலர் இதனை நோயின் காரணமாகக் கருதவில்லை. மண் சலித்துவிட்டது என்றனர் சிலர்; மழை பிழைத்துவிட்டது என்றனர் வேறு சிலர். செடி நலிவுற்றதனாற் பங்கசு படிந்ததேயன்றிப் பங்கசினாற் செடி நலியவில்லை என்பது அவர்களது எண்ணம். இன்று நமக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் உருளைக்கிழங்கின் வெளிறலுக்குப் பங்கசே காரணம் என்று ஜேர்மனியில் டி பாரி நிறுவியது 1861இல். அந்திராக்சு நோயின் பற்றீரியாவைக் கொக் எடுத்துக்காட்டியது 1876இல். காசநோயின் கிருமியை அவர் அறிவித்ததோ 1882இல். வார்ட் பேராதனையில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தபோது, ஒரு சிற்றுயிர் ஒரு பெருநோயின் காரணமாகலாம் என்ற கருத்தே இளம்பயிராக இருந்தது.

அவர் செய்தவை எளியவை. பொடியாகக் கிடந்த வித்திகளை நீர்த்துளியில் இட்டு அவை முளைப்பதைப் பார்த்தார். முளைத்த இழை இலையின் அடிப்புறத்து இலைவாய்களைத் தேடி நுழைவதைப் பார்த்தார். உள்ளே சென்ற இழை கிளைத்துப் பரவி இலையின் கலங்களிலிருந்து உணவை உறிஞ்சுவதைப் பார்த்தார். நலமான செடியொன்றின் இலையில் ஓரிடத்தைக் குறித்து, அங்கே வித்திகளை வைத்துக் காத்திருந்தார். ஏறத்தாழ இரு வாரங்களில் அதே இடத்திற் புள்ளி தோன்றியது. வைக்காத இடத்திலே தோன்றவில்லை. ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே காற்றுப்படக் கட்டி வைத்தார். தகடுகளில் வித்திகள் வந்து ஒட்டின. ஆகவே நோய் மண்ணிலிருந்து எழுவதன்று, காற்றில் வருவது. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டு வைத்திருப்பதே அதற்கு விரித்து வைத்த பாய் என்பதும் அவர் கண்டதே.

இவ்வளவையும் இரண்டாண்டுகளுக்குட் கண்டறிந்த அவரிடம் துரைமார் கேட்டது ஒன்றே: மருந்து என்ன? அவர் உண்மையைச் சொன்னார். இழை இலைக்குள் நுழைந்தபின் அதனை மட்டும் கொல்லும் வழி இல்லை. நுழையுமுன் இலையின் மேற்பரப்பிலேயே வித்தியை அழிக்கவேண்டும். இது விடையாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வேண்டியது ஒரு புட்டி. கிடைத்ததோ ஓர் அறிக்கை. 1882இல் வார்ட் இங்கு இல்லை. மூன்றாண்டுகளின் பின், 1885இல், பிரான்சின் போர்டோவில் மில்லார்டே என்பவர் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சையின் பங்கசு நோயைத் தடுப்பதை வெளியிட்டார். வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கத் தெருவோரக் கொடிகளுக்கு அதனைத் தெளிப்பது அப்பகுதி வழக்கம்; தெளித்த கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதைக் கண்டதே கண்டுபிடிப்பின் தொடக்கம். இலையின் மேற்பரப்பிலே வித்தியைக் கொல்வதுதான் அதன் வேலை. வார்ட் சொன்னது அதையே. பிற்காலத்திற் கோப்பித் துருவுக்கும் செம்பு கலந்த தெளிப்புகளே கைகொடுத்தன. இலங்கைக் கோப்பிக்கு மட்டும் அவை காலந்தாழ்ந்து போயின.

வார்ட் பின்னர் கேம்பிறிட்ஜிற் பேராசிரியராகி 1906இல் மறைந்தார். இஞ்சிப் பியரைப் புளிக்கச் செய்யும் 'செடி' உண்மையில் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் கூட்டு என்று காட்டியவரும் அவரே. இச்செய்தியைக் கேட்டபோது வகுப்பிற் பலர் முதன்முறையாகக் குறிப்பெடுத்தனர்.

கோப்பி வீழ்ந்த கதை யாவரும் அறிந்தது. 1870ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு நான்கு கோடி கிலோகிராமுக்கு மேல் ஏற்றுமதியான கோப்பி, 1890இற்குள் ஏறக்குறையப் பத்திலொரு பங்களவுக்கு வந்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. இதில் நம்மவர் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்றுண்டு. கோப்பி பருவப் பயிர். தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள், பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலும் திரும்பிச் சென்றனர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். வருவதும் போவதுமாக இருந்தவர்கள் லயங்களில் நிலைத்துத் தங்கும் மக்களானதற்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியும் ஒரு காரணம். நமது வரலாற்று நூல்களில் ஆளுநர்களுக்குக் கிடைத்த பக்கங்களில் ஒன்றையாவது அந்தப் பங்கசுக்குக் கொடுத்திருக்கலாம்.

அவ்வாறு நிலைத்த குடும்பமொன்றிலிருந்து வந்தவரே விடுதியில் எனது அறைத்தோழர். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்று அவரது ஊர். 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை யாழ்ப்பாணத்து மாணவர் ஊருக்குச் செல்வதென்றால் திருகோணமலை சென்று கப்பலேற வேண்டும். ஆகவே குறுகிய விடுமுறைகளில் நான் அவர் வீட்டிலேயே தங்குவேன். லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் அவரது தாயார் மரக்கறிகளும் சில வாழைகளும் வளர்த்து வந்தார். அங்கு உண்ட ஆனைவாழைப் பழத்தின் சுவையை ஒரு நாள் நான் வியந்து சொல்ல, அவர் மனத்தில் வைத்துக்கொண்டார் போலும். அவ்வாண்டு மார்கழி விடுமுறைக்குத் தரைவழியாக ஊருக்குப் புறப்பட்டபோது, ஆறு வாழைக்குட்டிகளை வேரோடு அகழ்ந்து, சருகிற் சுற்றிக் கட்டித் தந்தார். "ஒங்க அப்பா தோட்டத்துல வச்சா ஏன் பேரச் சொல்லும் தம்பி" என்றார்.

வழியிலிருந்த சோதனைச் சாவடிகளில் அந்தப் பொதியைப் பலமுறை அவிழ்த்தார்கள். மண்ணை உதிர்த்தார்கள்; ஒரு குட்டியைக் கம்பியாற் குத்தியும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் பொறுமையாக மீண்டும் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் நீர்வேலிப் பக்கத்துச் செம்மண், ஆறு பரப்பு. இதரையும் கதலியும் கப்பலுமாக ஏறக்குறைய 200 வாழைகள். 1995இன் இடப்பெயர்வில் நீரின்றிக் காய்ந்து அழிந்ததை, திரும்பி வந்தபின் தந்தையார் ஒவ்வொரு குட்டியாகத் தேடி நட்டு மீண்டும் உருவாக்கியிருந்தார். மகன் கொண்டுவந்த ஆறு குட்டிகளுக்கும் கிணற்றடியிலேயே இடம் கிடைத்தது. நான்கு நன்றாக வளர்ந்தன. இரண்டு குறுகி நின்றன. "இந்த மண் அதுக்குச் சரிவரேல்லைப் போலை" என்று தந்தையார் சொன்னதாகத் தாயார் எழுதினார். நானும் அவ்வாறே எண்ணினேன்.

2004இல் தாவர நோயியல் விரிவுரையொன்றில், வாழையின் முடிக்கொத்து நோயைக் காட்டும் படங்கள் திரையில் வந்தன. இலைகள் நிமிர்ந்து, குறுகி, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் ஒரு கொத்தாகச் செருகியதுபோல் நின்றன. அடுத்த படத்தில் இலைக்காம்பும் நடுநரம்பும் மட்டும். அவற்றின்மீது கரும்பச்சை நிறத்திற் புள்ளியும் கோடும் மாறிமாறி, தந்திக் குறியீடுபோல் ஓடின. சென்ற விடுமுறையிற் கிணற்றடியில் நின்று பல் துலக்கும்போது அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன்; அழகாக இருப்பதாகக்கூட நினைத்திருக்கிறேன். விரிவுரையின் எஞ்சிய பகுதி என் காதில் விழவில்லை. பின்னர் நண்பரின் குறிப்பைப் பார்த்து எழுதினேன். நோயாக்கி ஒரு வைரசு. காவி, வாழையின் மடலிடுக்குகளிலும் விரியாத குருத்திலும் கூட்டமாக வாழும் கரிய அழுக்கணவன். நீண்ட தூரத்துக்கு அதனைக் கொண்டு செல்வது, நோயுற்ற தாய்வாழையிலிருந்து எடுத்த குட்டி. அகழும்போது அக்குட்டியில் நோயின் அடையாளம் தென்படாமலும் இருக்கலாம். இளமையில் நோயுற்ற வாழை குலை தள்ளாது. மருந்து இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குச் சென்றேன். கிணற்றடியில் மட்டுமன்று, காற்றடிக்கும் திசையில் முப்பதுக்கும் மேற்பட்ட வாழைகளிற் கோடுகள் இருந்தன. தந்தையாரிடம் காட்டினேன். அவர் ஓர் இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உதுக்கு மருந்து ஒண்டும் இல்லையோ தம்பி?"

"இல்லை ஐயா. கிழங்கோடை தோண்டி எரிக்கத்தான் வேணும். பக்கத்திலை நிக்கிற நல்லதையும் சேர்த்து."

"உதைத்தான் உங்கடை கம்பசிலை படிப்பிக்கினமோ?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளவே கேட்டார். வார்டின் முன் நின்ற துரைமாருக்கு நோய்க்குப் பின் தேயிலை இருந்தது. என் முன் நின்றவருக்கு ஆறு பரப்பு மட்டுமே இருந்தது. அந்தக் கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை.

செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்தோம். கோபத்தில் உடனே வெட்டிச் சாய்த்தால், அழுக்கணவன்கள் சாய்ந்த மரத்தை விட்டு அயலிலுள்ளவற்றுக்குச் செல்லும். ஆதலால் முதலில் ஒவ்வொரு வாழையின் குருத்திலும் மடலிடுக்கிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சிகளைக் கொல்லவேண்டும். அதன்பின் கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டவேண்டும். சிறு துண்டு எஞ்சினாலும் நோயோடு முளைக்கும். வாழை எளிதில் எரிவதில்லை. நீர் நிறைந்த தண்டு புகையும், சீறும், அணையும். பனையோலையும் பழைய கிடுகுமாக இட்டு மூன்று நாள் எரித்தோம். பாதி முற்றிய குலைகளோடு நின்ற மரங்களும் அவற்றுள் இருந்தன. அயற்றோட்டக்காரர் வேலியருகே வந்து நின்று பார்த்தார். அவருடைய வாழைகளிலும் ஏழில் கோடுகள் இருந்தன. அதனையும் நானே காட்டவேண்டியிருந்தது.

கிணற்றடிக் குட்டிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்நோய் அவற்றோடுதான் வந்தது என்று நிறுவ இயலாது எனப் பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலங்கையில் 1913இலேயே பதிவான நோய், எங்கிருந்தும் வந்திருக்கலாம். கோப்பித் துரு இலங்கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் எவரும் உறுதியாகச் சொன்னதில்லை அல்லவா? இவ்வாறு வார்டின் காலத்துத் துருவையும் எனக்குச் சாட்சியாக அழைத்தேன். பல ஆண்டுகள் கழிந்தபின், வேறெதையோ பேசிக்கொண்டிருக்கையில் தந்தையார், "கிணத்தடி ஆனைவாழையிலைதானே அது முதல் துடங்கினது" என்றார். எப்போது கண்டுகொண்டார் என நான் கேட்கவில்லை. அவரும் மேற்கொண்டு பேசவில்லை.

அந்தக் கேள்விக்கான விடையைப் பின்னர் நூலகத்திலே தேடினேன். 1920களில் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இந்நோயினால் வாழைச் செய்கை ஏறத்தாழ அழிந்தது. அங்கே மகீ என்னும் இளம் ஆய்வாளர், பூச்சிபுகா அடைப்புகளில் அழுக்கணவன்களை நோயுற்ற வாழையிலிருந்து நலமான வாழைக்கு மாற்றி, அவையே காவி என நிறுவினார். வைரசை அவர் கண்ணாற் கண்டதில்லை. அதன் துணிக்கைகளைப் பிரித்தெடுத்தது 1990ஆம் ஆண்டளவிலேதான். மருந்தும் அவர் தரவில்லை. நோயுற்றவற்றை இடைவிடாது தேடி அழித்தல், நோயற்ற தோட்டத்துக் குட்டிகளை மட்டும் நடுதல், ஓரிடத்துக் குட்டியை மற்றோரிடத்துக்கு அனுமதியின்றிக் கொண்டுசெல்லாதிருத்தல்: இவற்றைச் சட்டமாக்கி எல்லாத் தோட்டக்காரரும் ஒருங்கே கைக்கொண்டதால் வாழைச் செய்கை அங்கு மீண்டது. காவியையும் வழியையும் அறிந்ததே அங்கு மருந்தாயிற்று. ஒருவர் மட்டும் கைக்கொண்டு பயனில்லை என்பதுதான் அம்மருந்தின் கசப்பு.

எங்கள் வளாகத்தில் விவசாயம், கால்நடை மருத்துவம், மருத்துவம் ஆகிய மூன்று பீடங்களும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. மாடொன்றுக்கு வந்தால் ஒரு பீடம், மனிதருக்கு வந்தால் ஒரு பீடம், மரத்துக்கு வந்தால் ஒரு பீடம். ஆனால் மூன்றிலும் பழைய பாடம் ஒன்றே. 1714இல் உரோமை நகர்ப்புறத்து மாடுகளைக் கொள்ளைநோய் தாக்கியபோது பாப்பரசரின் மருத்துவர் லான்சீசி, நோயுற்றவற்றைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் சொன்னார். நோயாக்கி எதுவென அவருக்குத் தெரியாது. அந்நோய்க்குத் தக்க தடுப்பூசி கிடைத்து, அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011இல். வாழையை எரிக்கலாம், மாட்டைக் கொல்லலாம், மனிதரை அவ்வாறு செய்ய இயலாதாகையால் கதவைச் சாத்துகிறோம். 2020இல் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, தந்தையார் தொலைபேசியில் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார்: "உதுக்கும் மருந்து ஒண்டும் இல்லையோ?"

எரித்த அடுத்த ஆண்டு, அதாவது 2005இல், நண்பரின் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். இடையில் இரு முறை அழைத்தும் போகாமல் தட்டிக் கழித்திருந்தேன். தாயார் தேநீர் தந்ததும், "அந்த வாழ காச்சிருச்சா தம்பி?" என்று கேட்டார். காய்த்தது என்றேன். நான்கு காய்த்தது உண்மை. பிறகு கை கழுவுவதுபோல் லயத்தின் பின்புறம் சென்றேன். மூலையில் ஒரு வாழை உச்சி குறுகிக் கொத்தாக நின்றது. அருகில் நின்ற தாய்வாழையின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தேன், கோடுகள் இருந்தன.

அது அந்த வரிசை முழுதும் பரவும் என்பதைச் சொன்னேன். அடுத்த வீட்டாரின் வாழைகளுக்கும் செல்லும் என்பதைச் சொன்னேன். எங்கள் தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"மருந்தடிச்சா போகாதா?"

"போகாதம்மா."

அவர் சிறிது நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனை நட்டவர் காலஞ்சென்ற தம் கணவர் என்றார். பின்னர் உள்ளே சென்று, அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலையும் கத்தியையும் எடுத்துவந்து என்னிடம் தந்தார்.